பின் டயருக்குக் கண் கட்டிய கதை

வளைவில் லொறி திருப்புவதில் மாத்தளைப் பக்கம் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை ஊரே சொல்லும் என்று எழுதத்தான் நினைத்தேன். ஊர் சொல்லக் காணோம், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. கிளீனராக லொறியில் ஏறியவன் டிரைவராக இறங்கினேன். இன்று இரண்டு சின்ன லொறிக்குச் சொந்தக்காரன். தம்புள்ளைச் சந்தைக்குள் நான் லொறியைப் பின்னால் எடுத்தால் மற்ற டிரைவர்மார் டீக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்று பார்ப்பார்கள். ஏன் எழுந்து நிற்கிறார்கள் என்பதற்கு என் மனைவி வேறு காரணம் சொல்வாள். அது இங்கே வேண்டாம்.

பலாபத்வலையில் பெரிய ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் ஒரு கிளை ரோடு திரும்புகிறது. அதன் கடைசியில் ஒரு முதலாளியின் சீமெந்து ஸ்டோர். அதுவரை அவருக்குச் சீமெந்து சின்ன லொறிகளில்தான் வந்தது. நீளமான கொண்டெய்னர் லொறியே உள்ளே வர விட வேண்டும் என்று அவர் பிரதேச சபையில் கேட்டுவிட்டார். சீமெந்து ஏற்றிய சின்ன லொறிகளில் என்னுடையதும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் துப்பறிந்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

ஆனால் என்னை விடப் பயந்தவர் முஸ்லிம் தையல்கார நானா. ரோடு திரும்பும் அதே மூலையில்தான் அவர் கடை. ஒரு மெஷின், ஒரு அயன் மேசை, கூரையைத் தாங்க முன்னால் ஒரு மரத்தூண். அவ்வளவுதான் அவருடைய சொத்து.

"அண்ணன், அந்த லொறி ஒருக்கா திரும்பினா என்ட கடையும் அதோட கூடவே போயிரும்" என்றார்.

"நான் இருக்கேன் நானா" என்றேன்.

இடத்தைப் பார்க்கச் சபையிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி மாத்தயா வந்தார். முதலாளி அவரிடம், "நல்ல டிரைவரா இருந்தா அழகா திருப்பிடுவான்" என்றார். நல்ல டிரைவர் என்ற சொல் காதில் விழுந்தால் நான் சும்மா இருப்பேனா?

"திரும்பாது மாத்தயா. நானே காட்டுறேன்!"

காட்ட நீள லொறி இல்லை. தேர் இழுக்கிற ஊரில் லொறி செய்வது பெரிய காரியமா? கொண்டெய்னர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் மூங்கிலை ஒட்டுப்போட்டு, குறுக்கே கம்பு வைத்துச் சட்டமாகக் கட்டினோம். முன்னால் நானும் என் மச்சானும். பின் டயராக, மூட்டை தூக்கும் இரண்டு பேர். நீள வண்டியில் தலை திரும்பிவிடும். வால்தான் குறுக்கு வழியில் வந்து மூலையை இடிக்கும். அதைத்தான் காட்டப் போகிறேன் என்று எல்லோருக்கும் விளக்கிவிட்டு, வாயாலேயே ஹோர்ன் அடித்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பினோம். வால் இடிக்கவில்லை.

என்ன நடந்தது? பின்னால் வந்த இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். கடை நெருங்கியதும், "கொஞ்சம் காலை மடக்குங்க நானா" என்று சொல்லி, மூங்கிலைத் தலைக்கு மேலே தூக்கி, தூணைச் சுற்றிப் பக்குவமாக வந்துவிட்டார்கள். மெஷின் மேல் கிடந்த நூல்கூட அசையவில்லை.

"ஹரி ஷோக்!" என்று மாத்தயா பாராட்டினார். முதலாளி கை தட்டினார்.

நானா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "அண்ணன், நீங்க யாருட பக்கம் ஈக்கிறீங்க?"

மூங்கில் கட்டைச் சரிபார்க்கிறவன்போல் குனிந்துகொண்டேன். அப்போது மரக்கறிப் பையோடு பக்கத்தில் நின்ற என் மனைவி மெதுவாகச் சொன்னாள்:

"டயருக்குக் கண்ணு இருக்குங்களா?"

"டயருக்குக் கண்ணு இருக்கா மாத்தயா?" என்று நான் ரோடே அதிரக் கத்தினேன். யோசனை அவளுடையது என்றாலும் தொண்டை என்னுடையது அல்லவா? "பின் டயருக்குக் கண்ணைக் கட்டணும். மூங்கில் இழுத்த பக்கம் போகணும், தூக்கக் கூடாது!"

"இவன் ஆளுங்கதானே, வேணும்னே போய் இடிப்பாங்க" என்றார் முதலாளி.

"அப்ப நீங்களே பின் டயரா வாங்க முதலாளி."

மாத்தயா பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கடைப் பக்கத்து டயராக வந்து நின்றார். நானா ஸ்கூல் சட்டை வெட்டிய துண்டுத் துணியால் அவர் கண்ணைக் கட்டினார். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினார்.

இந்த முறையும் தலையை நான் பிரமாதமாகத் திருப்பினேன். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் பின்னால் இருந்தது. மூங்கில் அயன் மேசையைச் சரித்து, தூணில் அறைந்து நின்றது. முதலாளி கடைக்குள்ளேயே போய், தைக்க வைத்திருந்த துணிக் குவியலில் உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டைப் பை கிழிந்து தூண் ஆணியில் தொங்கியது.

"வந்துட்டேனா?" என்றார், கண்கட்டோடு.

"வந்துட்டீங்க முதலாளி" என்றார் நானா. "சட்டைய கழட்டுங்க, தைச்சுத் தாரன்."

மாத்தயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தூணைத் தட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இடிச்சது மூங்கில். லொறி இரும்பு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். நீள லொறி பெரிய ரோட்டோடு நிற்கட்டும் என்று அங்கேயே தீர்ப்பு. பெனியனோடு ஸ்டூலில் காத்திருந்த முதலாளி மறுத்துப் பேசவில்லை.

சீமெந்து இன்றும் என் சின்ன லொறியில்தான் உள்ளே வருகிறது. இன்றுவரை அந்தத் தூணை நான் உரசியதில்லை. ஆனாலும் நான் மூலையில் திரும்பும் ஒவ்வொரு முறையும் நானா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மரியாதைக்கு எழுந்து நிற்கிறார் என்று வீட்டில் சொன்னேன்.

"தம்புள்ளையிலயும் அப்படித்தானேங்க" என்றாள் மனைவி.