அணைத்த டிவி

நான், மனைவி, மகள், மச்சான். குத்துக்கல்வலசையில் நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டில் இருப்பது இந்த நாலு பேர்தான். இணைப்புக் கொடுக்க ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், காதோரம் நரை, மூக்குக் கண்ணாடி. யார் முகத்தையும் பார்க்கவில்லை. அணைத்திருந்த டிவியின் கறுப்புக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தே பேசினார்.

“டிஷ்ஷா, கேபிளா?” என்றேன்.

“சாரல்ல டிஷ் சிக்னல் நிக்காது அண்ணாச்சி, கேபிளே போடுங்க. உங்களுக்கு நியூஸ், மதினிக்கு சீரியல். பின்னால நிக்கிற பெரியவருக்கு பக்தி சேனல் சேக்கவா?”

“எங்க பின்னால சுவருல்லா இருக்கு! மொதல்ல கண்ணாடிய மாத்தும்” என்று மச்சான் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. “டிவிய அணைக்காம ஓட விடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வீடு பார்க்க எங்களுக்கு வசதியில்லை. அதனால் டிவியை அணைப்பதே இல்லை. நேற்றுப் பகலில் கரண்ட் போனது. நாலு பேரும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். கறுப்புத் திரையில் தெரிந்தவர்களை எண்ணினேன்.

ஐந்து.