நூற்றுக்கு எட்டு மண்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். நாமக்கல்லுக்கு முப்பத்து நான்கு மைல். கட்டணம் ஒரு ரூபாய் இருபது நயா பைசா. நாற்பது பேர் உட்காரும் வண்டியில் ஐம்பத்தேழு பேர். என் பையில் ஓர் ஆய்வறிக்கை இருந்தது. நம் ஜில்லா ஜவ்வரிசி பழுப்பேறுவதற்கு விவசாயிகளின் சுத்தக்குறைவே காரணம், மரவள்ளிக் கிழங்கை மண்ணோடு ஆலைக்கு அனுப்புகிறார்கள், அவர்களுக்குச் சுத்தம் பற்றி வகுப்பு நடத்த வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. படித்தவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியது. நானும் நம்பினேன்.

சேந்தமங்கலத்துக்கு வேறு பஸ். இறங்கி இரண்டு மைல் நடந்து, காலஞ்சென்ற நண்பரின் மனைவி செல்லம்மாளின் காட்டை அடைந்தபோது மணி பத்தே முக்கால். மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது விற்கும் பணத்தில்தான் கிணற்றுக்கு மோட்டார் வைக்க இருந்தாள். முன்பெல்லாம் தரகர் காட்டிலேயே வாங்கிப் போவார். இந்த முறைதான் நேரே ஆலைக்கு; துணைக்கு என்னை வரச் சொல்லியிருந்தாள். நான் அறிக்கையைப் படித்துக் காட்டி, மண்ணைச் சுரண்டி அனுப்பச் சொன்னேன்.

"சுரண்டுனா வெலை கூடக் கெடைக்குமுங்களா, சாமி?"

"நல்ல சரக்குக்குக் கிடைக்காமல் போகுமா?" என்றேன்.

இரண்டு பெண்களுக்கு ஒரு நாள் கூலி கூடுதலாகக் கொடுத்துச் சுரண்ட வைத்தாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு மூட்டையோடு அவளும் நானும் ராசிபுரம் சாலையில் ஓர் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னே ஒன்பது வண்டி, பின்னே நான்கு. பின்வண்டிக்காரர் எங்கள் மூட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனக்கா, கெழங்கக் குளிப்பாட்டிக் கூட்டியாந்திருக்கறீங்களாட்ட இருக்குது. பொட்டு வெக்க மறந்துட்டீங்களே."

அவருடைய மூட்டைகளில் மண் கட்டி கட்டியாக இருந்தது.

எங்கள் எடை அறுநூறு கிலோ. ஆலைக் கணக்கர் நூற்றுக்கு எட்டு வீதம் மண் கழிவு போட்டு, ஐந்நூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.

"மண் எங்கே இருக்கிறது? கையை விட்டுப் பாருங்கள்" என்றேன்.

"உங்க மூட்டையில இல்லீங்கதான். இருக்கறவங்களுக்கும் எட்டு, இல்லாதவங்களுக்கும் எட்டு. ஆளுக்கொரு கழிவு போட்டா இங்கயே அடிதடி ஆயிருமுங்க."

"வண்டிக்கு ஒரு கூடை எடுத்து உதறி நிறுத்துப் பார்க்க மூன்று நிமிஷம். பதினாலு வண்டிக்கு நாற்பத்திரண்டு நிமிஷம். அதுகூடவா முடியாது?"

அவர் சிரித்தார். "போன வருசம் ஆறுதானுங்க. மண்ணு ஜாஸ்தியாச்சு, எட்டாக்குனோம். வர்ற வருசம் பத்து."

ஆறு போட்டதும் குடியானவர்கள் நூற்றுக்கு ஆறு கிலோ மண்ணைச் சேர்த்தார்கள். எட்டு போட்டதும் எட்டைத் தாண்டினார்கள். மண்ணை வரவழைப்பதே இந்தக் கழிவுதான்.

"ஆய்வுக்காரர்கள் இங்கே வந்தார்களா?"

"வந்தாங்க. மண்ணு எவ்வளவு வருதுன்னு கேட்டாங்க, சொன்னோம்."

"கழிவு எப்படிப் போடுகிறீர்கள் என்று?"

"அதக் கேக்கலீங்களே."

அறுபது பக்க அறிக்கை. இந்த ஒரு கேள்வியைக் கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை. குடியானவனுக்குச் சுத்தம் தெரியாது என்று எழுத மட்டும் பதினோரு பக்கம் கிடைத்தது. அதை நம்பி வகுப்பெடுக்க ஆள் வைப்பார்கள், சம்பளம் கொடுப்பார்கள், படம் போட்டுக் காட்டுவார்கள். எடைமேடையை யாரும் தொடமாட்டார்கள். பின்வண்டிக்காரருக்கும் அதே எட்டு. எட்டுக்கு மேல் அவர் கொண்டுவந்த மண்ணெல்லாம் கிழங்கின் விலைக்குப் போயிற்று.

திரும்பும் வழியில் செல்லம்மாள் மோட்டாருக்கு இன்னொரு வெள்ளாமை பொறுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை, ஒன்பதரை பஸ்ஸுக்குப் புறப்படுமுன் காட்டுக்குப் போனேன். மிச்சக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தூரோடு இழுத்து, உதறாமல் அப்படியே கூடையில் போட்டாள். அவள் கணக்கில் தப்பில்லை. ஆனால் இனிமேல் ஆய்வுப் படிவத்தோடு வருகிறவர் இந்தக் கூடையைப் பார்த்துத்தான் இவளைப் பற்றி எழுதப் போகிறார். ஏதாவது சொல்ல வேண்டுமென்று பக்கத்தில் போனேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி, வேட்டியில மண்ணு படும்" என்றாள்.