அத்தை வைத்த சௌசௌ கொடி

மாமாவின் பாராங் கத்தி இப்போது என் வேலைப் பையில் கிடக்கிறது. பிடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றியிருந்தார். அவர் அதை என்னிடம் நீட்டிய காலையில் அந்த ரப்பர் ஈரமாக இருந்தது.

மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடியுமிடத்தில் மாமாவுக்குச் சொந்த நிலம் இருந்தது. ஓரமாக ஒரு சௌசௌ பந்தல். மற்றதெல்லாம் காடு, இருவாச்சிப் பறவைகள் கூடு வைக்கும் பெருமரங்கள். காய்கறி முதலாளிகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மலையைச் செரைச்சிட்டு பிளாஸ்டிக் கூடாரம் போடுவானுங்க. மழை பேஞ்சா சகதி பூரா கீழ நம்ம லயத்து வீடுங்கள்லதான் வந்து நிக்கும் லா" என்று மறுத்துவிட்டு, காடுகளை விலைக்கு வாங்கிக் காக்கும் அறவாரியத்திடம் விற்றார். அங்கேதான் எனக்குக் காவல் வேலை. மாமா கேட்டது ஒன்றுதான்: அத்தை வைத்த பந்தல் இருக்கட்டும். அத்தை போய்ச் சேர்ந்தபின் அவருக்கு மிஞ்சியிருந்தது அதுதான். எங்கள் அதிகாரியும் தலையாட்டினார்.

நிலத்தை வாங்கி கேட்டைப் பூட்டிவிட்டால் காடு தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று நானும் நினைத்திருந்தேன். அடேயப்பா, வாங்கிய பிறகுதான் வேலையே! தினம் காய் பறிக்க ஆள் இல்லாமல் கொடி பந்தலைத் தாண்டியது. பந்தலைச் சுற்றி நாங்கள் நட்ட காட்டுமரக் கன்றுகளைப் போர்த்தி மூடிவிட்டு, இருவாச்சி மரத்திலும் ஏறியது. அதை எடுத்தே ஆகவேண்டும் என்று முடிவானது. மாமாவிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, சொந்தக்காரி ஆயிற்றே.

"காட்டைக் காப்பாத்தத்தான் குடுத்தேன். அவ வச்சதை வெட்டவா குடுத்தேன்? போ, என் மூஞ்சில முழிக்காத!" என்று கத்தினார். எனக்கும் சுருக்கென்றது. "ஒரு தடவை வந்து மரத்தைப் பாருங்க மாமா. அப்புறம் திட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பனிக்குள் கத்தியோடு நின்றிருந்தார். மரத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு அவரே கொடியை வெட்டி இழுக்கத் தொடங்கினார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து சொன்னார். "கொழுந்தைக் கிள்ளி வச்சுக்கம்மா. பொரியலுக்கு ஆகும். வீணாக்குனா உங்க அத்தை திட்டுவா." வேரடிக்கு வந்ததும் கத்தியை என் பக்கம் நீட்டினார். "இதை நீ வெட்டு. என்னால முடியாது லா." வெட்டினேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

இன்று மாமாவும் இல்லை. பந்தல் இருந்த இடத்தை என்னாலேயே காட்ட முடியாது, கன்றுகள் அவ்வளவு வளர்ந்துவிட்டன. போன வாரம் கேட்டருகே ஒரு சௌசௌ தளிர் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தக் காய் விழுந்து முளைத்ததோ. பையிலிருந்து கத்தியை எடுத்தேன். முதலில் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டேன். பிறகு வேரை வெட்டினேன்.