கோலப்பன் எண்ணெய் தேய்த்த கிட்டார்

உலகத்தில் தன்னைத் தவிர ஒருவனுக்கும் ஒழுங்காக ஒரு ஆணி அடிக்கத் தெரியாது என்பது கோலப்பனின் முடிவு. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறார், குடியிருப்பு கரமனை. வானவில்லைக் காட்டினால்கூட, "ஓரத்துல பெயின்ட் வழிஞ்சிருக்கு, கண்டேரா?" என்பார்.

இப்படிப்பட்டவர் இருக்கிற ஆபீசில் பத்மகுமார் ஒரு சிவப்பு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி வந்து எல்லாருக்கும் காட்டினான். கோலப்பனுக்கு வயிற்றில் தீப்பெட்டி ஆபீசே பற்றிக்கொண்டது.

"கடைச் சாமானுதானவே? காசிருந்தா கழுதையும் வாங்கும். ஓணத்துக்கு நான் சொந்தக் கையால ஒண்ணு செஞ்சு மேடையில வாசிக்கேன். அதுல மொகம் பாத்து நீரு சவரம் பண்ணலாம்."

"செரி சாரே, பிளேடு நான் கொண்டு வாரேன்" என்றான் பத்மகுமார். ஆபீசே சிரித்தது. அந்தச் சிரிப்பைத் திருப்பி அவன் வாயிலேயே திணிக்க வேண்டும். கோலப்பனுக்கு அதற்கப்புறம் சோறு, தூக்கம் எல்லாம் அதுதான்.

சிங்கப்பூர் மைத்துனனிடமிருந்து கிட்டார் சாமான் பெட்டி வந்தது. உடம்பு, கழுத்து, கம்பி, திருகாணி எல்லாம் தனித்தனி. கூடவே செய்முறைத் தாளும் இருந்தது. "எவனோ சீனாக்காரன் எனக்குச் சொல்லித் தாரதா?" என்று அதில் மிக்சரைக் கொட்டித் தின்றார். சாலை பஜார்க் கடையில் மரத்துக்குச் சாயமேற்றும் ஸ்டெயினும் வார்னிஷும் கேட்டபோது கடைக்காரர் பிச்சைக்கனி, "கட்டிலுக்கா அண்ணாச்சி?" என்றார். அவரை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வாங்கி வந்தார்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளி. உச்சி முதல் உள்ளங்கால்வரை தேங்காயெண்ணெய் பூசி ஊறுகிற நேரத்தைச் சும்மா விடுவானேன்? துண்டோடு பின்வாசலில் உட்கார்ந்து, கிட்டார் உடம்பை மடியில் போட்டு உப்புத்தாளால் தேய்த்தார். கரமனை ஆற்றில் விட்டால் மீன் வறுக்கலாம், அவ்வளவு எண்ணெய் அவர் கையில்.

மறுநாள் ஸ்டெயின் பூசினார். மரமெல்லாம் காப்பி நிறம் பிடித்தது. அவர் கை பட்ட இடம் மட்டும் வெள்ளையாய் நின்றது. அஞ்சு விரலும் தெளிவு. யாரோ கிட்டாரை ஓங்கி அறைந்த மாதிரி.

மனைவி செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். "கேட்டேளா, எண்ணெய் பட்ட எடத்துல சாயம் ஏறல்ல. தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி பூசப்படாதா?"

"தோசை சுடுகவ தோசையப் பாரு. அங்கங்க எண்ணெய் இருக்கதுதான் தகராறு. எல்லா எடத்துலயும் இருந்தா?"

அந்த மகா மூளை அதைச் செய்தும் விட்டது. குழந்தைக்குத் தேய்ப்பதுபோல கிட்டாருக்கு முழுசாய் எண்ணெய் தேய்த்து, அதன்மேல் வார்னிஷை ஊற்றினார். நிஜமாகவே பளபளத்தது. ஆனால் உலரவில்லை. கர்க்கடக மாச மழை கொட்டி ஓய்ந்தது, சிங்க மாசம் பிறந்தது, ஓணத்துக்கு வாசலில் அத்தப்பூக் கோலம் போட்டார்கள். அது மட்டும் பலாச்சுளை மாதிரி பிசுபிசுத்தது. திருவனந்தபுரத்து ஈக்களில் பாதி அதில் குடியேறின.

"ஒட்டுகே" என்றாள் செண்பகவல்லி.

"மினுக்கம்னா அப்படித்தாம்டி இருக்கும்."

ஆபீஸ் ஓணக் கொண்டாட்டத்துக்கு மனைவியோடு பட்டு ஜிப்பா போட்டுப் போய், கழுத்தும் கம்பியும் பூட்டிய கிட்டாரை மாட்டி மேடை ஏறினார். விளக்கு வெளிச்சத்தில் அது ஜொலித்ததில் கூட்டம் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தது. பத்மகுமாருக்கே முகம் விழுந்தது. தெரிந்த ரெண்டு சுரத்தை மாற்றி மாற்றி அடித்தார், கைதட்டினார்கள். கோலப்பன் ஜெயித்துவிட்டார்.

தோள்வாரைக் கழற்றினார். கிட்டார் வரவில்லை. வெளிச்சச் சூட்டில் இளகிய வார்னிஷ் ஜிப்பாவைக் கவ்வியிருந்தது. இழுத்தால் பட்டு கிழியும். கிழிந்தால் காயவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

பத்மகுமார் கையை நீட்டினான். "சூப்பர் சாரே! கழட்டித் தாங்கோ, நானும் ஒண்ணு வாசிக்கட்டா?"

"கையெடும்வே! கண்டவன் தொட்டா பாலிஷ் போயிரும்."

அப்படியே இறங்கி, கிட்டார் வயிற்றில் தொங்க, ஓண விருந்தான சத்யப் பந்தியிலும் போய் உட்கார்ந்தார். கிட்டாரின் கழுத்து பக்கத்து இலைக்காரர் காதில் குத்தியது. இலை எங்கேயோ இருந்தது, வாய் எங்கேயோ இருந்தது. எதிர்வரிசையில் பத்மகுமார் பப்படத்தை நொறுக்கியபடி அவரையே பார்த்தான்.

அடைப்பிரதமன் பாயச வாளியோடு பரிமாறுகிறவர் வந்தார். கோலப்பனுக்கு இந்தப் பக்கத்து இலையிலிருந்து செண்பகவல்லி குரல் கொடுத்தாள்.

"அவாளுக்கு ஊத்தாதீங்க. குனிய முடியாது. என் எலையில ஊத்துங்க."