கப்டனாக இருந்த சில நாள்

மெசப்பொத்தேமியாவில் நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. முதலாம் உலக யுத்தத்தில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கியதுதான் என் வேலை. திரும்பி வந்து அச்சுவேலியில் வெங்காயம் நட்டேன். பதினைந்து வருடமாக யுத்தத்தைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே இருபது இளந்தாரிகள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்று, "அண்ணை, எங்களுக்கு ட்ரில் பழக்குங்கோ. நீங்கள்தான் கப்டன்" என்றபோது எனக்கு நெஞ்சு ஒரு சாண் அகன்றுவிட்டது.

அவர்களுடைய தலைவன் கொழும்பில் இருந்து வந்தவன். இத்தாலியில் கறுப்புச் சட்டைக்காரர் அணிவகுக்கும் பத்திரிகைப் படம் ஒன்றை வெட்டி வைத்திருந்தான். அதைப் பார்த்து எல்லோரும் வெள்ளைச் சட்டைக்குக் கறுப்புச் சாயம் தோய்த்துக்கொண்டார்கள். "கட்டளையெண்டாக் கட்டளை. ஏனெண்டு கேக்கக்கூடாது" என்பது அவர்கள் செய்த சத்தியம்.

"கப்டனுக்குக் கோப்பியோ, கஞ்சியோ?" என்று மனைவி பகிடி பண்ணினாள். பண்ணட்டும். கடைத்தெருவில் ஆட்கள் எழும்பி வழிவிட்டார்களே, அந்த ருசி லேசில் விடாது.

ஒரு திங்கட்கிழமை தலைவன் சொன்னான்: "அண்ணை, இண்டைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போறம். உவையின்ரை பிள்ளையளையும் எங்கடை பிள்ளையளோடை வாங்கிலை இருத்தியிருக்கினம். இறக்கி நிலத்திலை இருத்துவம்."

சாதியைச் சொல்லி அதுவரை பெஞ்சில் ஏற்றாமல் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகள். என் ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்தவனுடைய மகளும் அவர்களில் ஒருத்தி. மறுத்தால் என் பதவி போகும். அதோடு, நான் இல்லாமலே இவர்கள் போவார்கள்.

"லைனிலை நில்லுங்கோ" என்றேன்.

லெஃப்ற், ரைட். பள்ளிக்கூட வாசல் வந்தது. நான் நிற்கச் சொல்லவில்லை.

"அண்ணை, தாண்டிப் போறம்!"

"ஆரது கதைக்கிறது? கட்டளையெண்டாக் கட்டளை!"

வளலாய்க் கடற்கரை வந்தது. அங்கும் நான் நிற்கச் சொல்லவில்லை. முழங்கால் தண்ணீர், இடுப்பளவு தண்ணீர், அலையொன்று தோளுக்கு மேலால் போனது. சட்டைச் சாயம் கரைந்து சுற்றிவரக் கடல் கறுத்தது.

வலை இழுத்துக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார்: "என்ன தம்பியவை, கணவாய்க் கூட்டம் மாதிரி மை கக்கிறியள்?"

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு வரிசையே குலைந்து சிரித்தது. தலைவன் மட்டும் பல்லைக் கடித்தான். "நீங்கள் இனிக் கப்டன் இல்லை!"

"ஓம்" என்றேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

உப்பு தொடையை உரச உரசத் திரும்பி நடந்தோம். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கிழமை தலைவன் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டானாம். ஒருவனிடமும் போட்டுக்கொண்டு வரக் கறுப்புச் சட்டை இல்லையாம்.