எனக்குக் கிடைத்த ஒரே வசனம்

ஜொகூர் பாருவில் நான் வேலை செய்யும் நிறுவனத்தின் கூட்ட அறையை ஒரு மலாய்ப் படத்துக்காக வாடகைக்குக் கேட்டார்கள். படத்தின் கதை இதுதான்: பெரிய நிறுவனம், காணாமல் போகும் பணம், கொலையாகும் தலைமை நிர்வாகி. கொலைகாரன் அந்த நிறுவனத்து இயக்குநர் குழுவில் ஒருவன். குழுவில் எல்லா இனமும் தெரிய வேண்டும் என்று முடிவுசெய்திருந்தார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் கிடைத்துவிட்டார்கள். இந்தியருக்கு ஆள் தேடியபோது எங்கள் அலுவலகத்தில் கணக்குத் தணிக்கைப் பிரிவைப் பார்க்கும் என்னைக் கைகாட்டினார்கள்.

நடிப்பாசை எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு வசனம் உண்டு என்றார்கள். கணக்கில் பொய் இருக்கிறது என்று முதலில் சொல்பவள் நான்தான். அதே அறையில் நிஜமாகவே நான் சொல்லி வருகிற விஷயம் அது. ஆரம்பத்தில் என்னைக் காப்பி கொண்டுவரச் சொன்னவர்கள், பிறகு என் பேச்சைப் பாதியில் வெட்டியவர்கள் எல்லாரையும் தாண்டி, நான் வாய் திறந்தால் காது கொடுக்கும் நிலைக்கு வர எனக்குப் பல வருடம் பிடித்தது. திரையிலும் நம்மவள் ஒருத்தி அப்படிப் பேசட்டுமே என்று ஒப்புக்கொண்டேன்.

வேலைக்குப் போடும் சாம்பல் நிறக் கோட்டோடு போனேன். துணை இயக்குநர் சின்னப் பெண், மரியாதை தெரிந்தவள். பட்டுச் சேலையையும் ஒட்டுப் பொட்டையும் நீட்டினாள். நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் வீட்டில் பொட்டு வைப்பதில்லை என்றேன். அப்புறம் நீங்கள் இந்தியர் என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும் என்று நிஜமாகவே கவலைப்பட்டாள். என் கறுப்பு போதவில்லை போலிருக்கிறது. கழுத்துச் சிலுவையையும் கழற்றச் சொன்னாள், பார்ப்பவர்களைக் குழப்புமாம். கணக்குப் பார்க்க எந்த மகராசி பட்டுடுத்தி வருகிறாள் என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த வசனத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன். ஒரே தடவையில் சரியாகச் சொன்னேன். இயக்குநர் தலையாட்டினார்.

படம் வெளியானதும் சிம்பாங் ரெங்கத்திலிருந்து அம்மா பஸ் ஏறி வந்தார். கூடவே அவருடைய ஜெபக்கூட்டத்து அக்காமார் இருவர். திரையில் என்னைப் பார்த்ததும் அம்மா, "சிலுவ எங்கடி?" என்று கிசுகிசுத்தார். பதில் சொல்வதற்குள் என் வசனம் வந்துவிட்டது. வாய் என்னுடையது, குரல் என்னுடையது இல்லை. மேடைக் கோமாளிகள் நம்மைப் போலப் பேசிக்காட்டுகிற அந்த இழுவை மலாயில் எவளோ பேசியிருந்தாள். நான் சொல்லாத ஒரு "ஐயோயோ"வையும் கடைசியில் ஒட்டியிருந்தாள். அரங்கமே சிரித்தது. கொலைப் படத்தில் சிரிக்க ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. ஒப்புக்குச் சப்பாணியாகக்கூட என்னை விட்டுவைக்கவில்லை.

வெளியே வந்ததும் அக்காமார், நல்லாத்தான் இருந்துச்சி லா என்று சமாளித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நீ அப்படிப் பேச மாட்டியே. ஒன்னக் கேக்காமலா மாத்துனாங்க?"

மறுநாள் துணை இயக்குநரை அழைத்துக் கேட்டேன். குரலை மாற்றுவது வழக்கம்தான், அந்த இடத்தைத்தான் ஜனங்கள் ரொம்ப ரசிக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டேன்.

அடுத்து வந்த அலுவலகக் கூட்டத்தில் ஒரு கிளையின் கணக்கைப் பற்றி நான் பேச வேண்டியிருந்தது. பெரிய ஓட்டை அது. எழுந்து நின்றேன். நான் ஆரம்பிப்பதற்குள் விற்பனை மேலாளர் அந்த "ஐயோயோ"வை இழுத்தார். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. எங்கள் தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லுங்கள் என்றார். சொல்லத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்திலிருந்து நான் பேசி வந்த மலாய் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது. இரண்டு முகங்கள் இன்னும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தன. மீதியை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.