வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார்

எங்கள் ஊர் கிளினிக்கில் இருந்த எடை மெஷினின் முள் நூற்றைத் தாண்டாது. அதனால் என்னை உருளைக்கிழங்கு மண்டித் தராசில் ஏற்றித்தான் எடை பார்த்தார்கள். "ஏலே, இன்னொரு கல்லப் போடு, தட்டு அசையக் காணோம்" என்று மூட்டை தூக்குகிறவர் சொன்னதும் மண்டியே சிரித்தது. நூற்றுப் பதினாறு கிலோ. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கொடைக்கானலில் ஒரு பெரிய பள்ளியின் ஆபீசில் டைப்பிஸ்ட். அதே பள்ளியில் அப்பா தோட்டக்காரர், அம்மா துணி துவைக்கிறவள். மூவரில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தது நான் மட்டும்தான்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் வரிசை வீடுகள் பள்ளத்தில் இருந்தன. ரோட்டுக்கு ஏறுவதற்குள் நான்கு இடத்தில் உட்காருவேன். முட்டி வீங்கிவிடும். இரண்டு முறை படியிலேயே மயங்கி விழுந்தேன். "உடம்பைச் சரிசெய்துகொண்டு வாம்மா, இல்லையென்றால் நாங்கள் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்" என்று தலைமையாசிரியை மரியாதையாகவே சொன்னார்.

கொள்ளுக் கஞ்சி, பட்டினி, வெந்நீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் அம்மாவும் நானும் மலை இறங்கி, சமவெளியில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே வெளிநாட்டு சர்ஜன் ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழ் வராது. நர்ஸ் மொழிபெயர்க்க வந்தபோது, "தேவையில்லை, எனக்கு இங்கிலீஷ் தெரியும்" என்று அனுப்பிவிட்டேன்.

அவர் ஒரு தாளில் இரண்டு படம் வரைந்தார். முதல் படத்தில் இரைப்பையின் மேல்பகுதியை ஸ்டேப்ளர் பின் போன்ற கம்பிகளால் தைத்துச் சின்னப் பையாக்கியிருந்தார். ஒரு பிடிக்கு மேல் சாப்பிட்டால் வாந்தி வரும், ஆயுசுக்கும் அப்படித்தான். இரண்டாவதில் குடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுக் குறுக்குவழி. வழக்கம்போல் சாப்பிடலாம், உடம்பில் ஒட்டாது, ஆனால் நாளைக்குப் பத்துத் தடவையாவது வயிற்றுப்போக்கு இருக்கும். மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் விடாமல் வேண்டும். தன் நாட்டில் இரண்டாவதைக் கைவிட்டு வருகிறார்கள் என்றும், தனக்கு முதலாவதே சம்மதம் என்றும் சொன்னார்.

அம்மாவுக்குப் படங்களை விளக்கினேன். "ஒரு பிடியா?" என்றாள். "ஒரு பிடி சோத்தத் தின்னுட்டு எவன் வீட்டுல போயி குப்ப கொட்டுவ? அசனத்துக்கு எப்புடி உக்காருவ?"

அவள் கேட்டது நியாயம்தான். கோயில் திருவிழா அசனத்தில் ஊரே ஒரே பந்தியில் உட்காரும். இலையில் மிச்சம் வைத்தால், சமைத்தவர்கள்மேல் ஏதோ மனத்தாங்கல் என்றுதான் பொருள். அதற்காகவே பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நான் வாந்தி எடுப்பதையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது படத்தைத் தொட்டுக் காட்டினேன்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "வீட்டுக்குள் கக்கூஸ் இருக்கிறதா? தண்ணீர் வசதியோடு?"

எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் கிடையாது. தைல மரங்களுக்குக் கீழே இருந்த சரிவுக்குத்தான் போவோம். பெண்கள் விடியுமுன், இல்லையென்றால் இருட்டிய பிறகு. நான் அன்று நைலக்ஸ் சேலை கட்டியிருந்தேன். கையில் கடிகாரம். இவ்வளவு நேரம் அவரோடு இங்கிலீஷில் பேசியிருக்கிறேன்.

"இருக்கிறது, டாக்டர்."

"என்னடி கேக்குறாரு?" என்றாள் அம்மா.

"வீடு வசதியா இருக்கான்னு கேக்குறாரும்மா."

"நல்ல மனுசன்" என்று அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டு மாதத்தில் முப்பத்தைந்து கிலோ குறைந்தேன். "மூக்கும் முழியும் இப்பத்தான் தெரியுது!" என்றார்கள் பக்கத்து வீடுகளில். படிகளை நிற்காமல் ஏறினேன். ஆனால் நாளைக்குப் பன்னிரண்டு தடவை, சில நாள் பதினைந்து. புண்ணாகி, நடந்தாலே எரிந்தது. தலைமுடி சீப்போடு வந்தது. மேலே ஆபீசில் ஸ்டாஃப் கக்கூஸ் இருந்தது, வெள்ளைப் பீங்கான், இழுத்தால் தண்ணீர் கொட்டும். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவேன், எல்லாரும் கிளம்பிய பிறகுதான் இறங்குவேன். "இந்தப் புள்ளயப் பாருங்க, எம்புட்டு வெள்ளனே வந்துருது!" என்பார் வாட்ச்மேன். நிர்வாகம் என் உழைப்பைப் பாராட்டி ஒரு கடிதமே கொடுத்தது. அதை டைப் செய்ததும் நான்தான்.

குளிர்கால விடுமுறைக்குப் பள்ளியை மூடினார்கள். ஆபீசுக்கும் பூட்டு.

மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. பகலில் சரிவுக்குப் போக முடியாது, மேலே ரோட்டில் டூரிஸ்டுகள் நடமாட்டம். அடக்கினால் அடங்காது. போக வேண்டாமே என்று சாப்பிடுவதை நிறுத்தினேன், தண்ணீரையும் நிறுத்தினேன். கால் நரம்புகள் முறுக்கிக்கொண்டன. ஒரு விடியற்காலை, உறைபனி படிந்த புல்லில், தகர டப்பா கையில் இருக்க, எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அம்மாதான் தேடி வந்தாள். என்னைச் சுத்தம் செய்தாள். பிறகு அவளும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ரோட்டுக்கு ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கி இதயமே நின்றிருக்கும் என்றார்கள். டாக்டர் வந்தபோது நான் அரை மயக்கத்தில் இருந்தேன். இந்த முறை நர்ஸ்தான் அம்மாவிடம் கேட்டுச் சொன்னாள். எங்கே விழுந்தாள், ஏன் வெளியே போனாள், வீட்டில் கக்கூஸ் இல்லையா?

"எங்க வரிசையிலயே கெடயாதுங்களே ஐயா. காட்டுக்குத்தான்" என்றாள் அம்மா.

டாக்டர் என் பழைய காகிதங்களைப் புரட்டினார். கோபப்படவில்லை. தெரிந்திருந்தால் இந்த ஆபரேஷனைச் செய்திருக்கவே மாட்டேன் என்று மட்டும் சொன்னார். நர்ஸ் அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

அவர் போனதும் அம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அவரு இதத்தான் கேட்டாரா?"

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எங்களச் சொல்ல வெக்கமா இருந்துச்சா உனக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு பொய்யில் குடல் போயிருந்தது. "ஆமாம்மா" என்றேன். அவள் எழுந்து, தண்ணீர்ச் செம்பை என் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்திவைத்துவிட்டு வெளியே போனாள்.

இரண்டு மாதம் கழித்துக் குடலைப் பழையபடி இணைத்து, இரைப்பையைத் தைத்தார்கள். என் உடம்பு தாங்குமா என்று அவர்களுக்கே சந்தேகம் இருந்தது. தாங்கியது. இப்போது தொண்ணூறு கிலோ இருக்கிறேன். படியில் ஓர் இடத்தில் மட்டும் உட்காருகிறேன். நாற்காலி இன்னும் என்னுடையதுதான். ரசம் சாதம் குழைத்து ஒரு பிடி, அரை மணி நேரம் மென்று சாப்பிட வேண்டும். அவசரப்பட்டால் அப்படியே மேலே வந்துவிடும். அசனத்துக்கு நான் போவதில்லை.

அம்மா தினமும் அந்த ஒரு பிடியை அளந்து தட்டில் வைக்கிறாள். முன்பெல்லாம் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடி" என்று கரண்டியோடு பின்னாலேயே வருவாள். இப்போது வைத்துவிட்டுத் துவைக்கப் போய்விடுகிறாள்.